வெள்ளைக் குச்சிப் பாத்திகள்

எண்ணூர்
6 ஜூலை 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் காத்திருப்பீர்கள் என்று எண்ணி எழுதவில்லை. மதினி கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பெட்டியோடு புறப்பட்டபோது உங்கள் புண்ணாக்கு மண்டி வாசலில் கூலியாட்கள் எல்லாரும் கேட்க நீங்கள் கத்தினீர்கள். "பி.ஏ. படிச்சவ காட்டுல போயி குத்தவச்சி களை பிடுங்கப் போறாளாம்!" என்றீர்கள். அங்கேயே பதில் சொல்லியிருந்தால் கூலியாட்களுக்கு இன்னும் கொஞ்சம் வேடிக்கை கிடைத்திருக்கும். ஆகவே இங்கிருந்து சொல்கிறேன்.

என் கணவர் இறந்த பிறகு மாடி அறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து அறைக்குமாக இத்தனை வருஷம் நடந்தேன். தாவரவியல் என்று நான் பெண்களுக்குக் காட்டியதெல்லாம் தாளில் அழுத்தி உலர்த்திய இலைகள். உயிரோடு ஒரு செடி வளர்ந்து கதிர் பிடிப்பதை ஒரு முறையாவது முழுதாகக் கவனித்தேனா என்று நாற்பத்து மூன்று வயதில் கேட்டுக்கொண்டேன். அந்த வாரம்தான் உரக் கம்பெனியின் விளம்பரம் பேப்பரில் வந்தது.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால், கத்திவாக்கம் பக்கமாக வயல். கேழ்வரகு நடப்போகிறோம். ஒரே அளவில் பாத்திகள். சிவப்புக் குச்சி நட்ட பாத்திக்குக் கடலைப் புண்ணாக்குத் தூள். நீலக் குச்சிக்குக் கப்பலில் வந்திறங்கும் கம்பெனியின் வெள்ளை உரம். வெள்ளைக் குச்சிக்கு ஒன்றுமே கிடையாது. எந்தப் பாத்திக்கு எந்தக் குச்சி என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம், நல்ல மண்ணை யாரும் தனக்கு வேண்டியதற்கு ஒதுக்கிவிடக்கூடாதே என்று. அறுத்து, தனித்தனியே எடை போட்டுப் பார்த்தால் எந்த உரம் எவ்வளவு தருகிறது என்று தெரியும். அதுவரை என் வேலை பழுதில்லாமல் இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். ஆராய்ச்சி அதிகாரி தண்டபாணி இதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

மதினிக்கு என் அன்பு.

சுகிர்தம்


ராயபுரம்
14 ஜூலை 1952

தங்கை சுகிர்தத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மதினி தேவப்பிரியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, யோசித்தேன்.

காலேஜ் முடித்த பையன்கள் வேலை கேட்டு வீதி வீதியாக அலைகிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய ஒருத்தியைக் கூப்பிட்டு வயலையே ஒப்படைக்கக் கம்பெனிக்கு என்ன வந்தது? உன் படிப்புக்கு என்று நீ நினைக்கிறாய். ராயபுரத்தில் புண்ணாக்கு மொத்த வியாபாரம் யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? நீ யார் தங்கை என்று தெரியாதா?

இன்னொன்று. உரமே போடாமல் பயிர் வைப்பதை வயல் வைத்திருக்கும் எந்தச் சம்சாரியிடமாவது பார்த்திருக்கிறாயா? பக்கத்துப் பாத்தி கொழுத்துத் தெரிவதற்காக ஒன்றைப் பட்டினி போடுகிறார்கள். சீட்டுப் போட்டதாக எழுதியிருக்கிறாய். சீட்டை மடித்தது யார்? மடிக்கிறவன் நினைத்தால் எதையும் எடுக்கலாம்.

அவர்கள் வாங்கியிருக்கும் புண்ணாக்கு எந்த மண்டியில் வாங்கியது? என்னிடம் வாங்கவில்லை. வருஷக்கணக்காகக் கிடந்து செத்துப்போன சரக்கை மலிவாகப் பிடித்து, "பார், புண்ணாக்கு ஒன்றும் தரவில்லை" என்று ஊரெல்லாம் அச்சடித்து ஒட்டப் பார்க்கிறார்கள். ஒரு கட்டி எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

வேதமாணிக்கம்


எண்ணூர்
24 ஆகஸ்ட் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

புண்ணாக்குக் கட்டி அனுப்ப மாட்டேன். வயல் சாமான் எதுவும் வேலியைத் தாண்டக்கூடாது என்பது இங்கே சட்டம். நீங்கள் கேட்டதற்கு வேறு காரணம் உண்டோ என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வருந்தினேன், ஆனாலும் அனுப்பவில்லை.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். இதை எழுத வேறு ஆள் இல்லாததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

வெள்ளைக் குச்சிப் பாத்திகள் பச்சையாக இருக்கின்றன. இந்த மணல் மண்ணில் உரமில்லாத கேழ்வரகு இந்நேரம் வெளுத்து, நோஞ்சானாக நிற்க வேண்டும். அளவுகோல் வைத்து உயரம் எடுக்கிறேன், ஒவ்வொரு குத்திலும் தூர்களை எண்ணுகிறேன். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெள்ளை கொஞ்சம்தான் பின்னால் நிற்கிறது. முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு அளவுகோலை. இப்போது ஆட்களைச் சந்தேகப்படுகிறேன். யாரோ அந்தப் பாத்திகளுக்கு உரம் வைக்கிறார்கள்.

சாயங்காலம் போகும்போது நடைபாதை மணலை வாருகோலால் சமப்படுத்திவிட்டுப் போகிறேன். காலையில் வந்து குனிந்து கால்தடம் தேடுகிறேன். கொக்குத் தடமும், காவல்காரர் காஜா மொய்தீனின் செருப்புத் தடமும்தான் கிடைக்கின்றன. அவர் பாத்திக்குள் இறங்கிய அடையாளம் இல்லை. அப்படியும் அவர் சலாம் வைத்தால் நான் அவர் கையைத்தான் பார்க்கிறேன், நகக்கண்ணில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. இப்படிப்பட்டவளாக நான் எப்போது ஆனேன்?

நேற்றுத் தண்டபாணி என் மேஜையருகே வந்து நின்றார்.

"சுகிர்தம் அம்மா, ராயபுரத்துல ஒரு பெரிய புண்ணாக்கு மண்டி இருக்காம். வேதமாணிக்கம்னு பேரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் கூடப்பிறந்த அண்ணன் சார்."

"அப்படியா? நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சுகிர்தம்


ராயபுரம்
2 செப்டம்பர் 1952

தங்கை சுகிர்தத்துக்கு,

நல்ல சேதி சொன்னாய். உரமே இல்லாமல் விளைகிறதாம்! இனி நானும் வேண்டாம், உன் கம்பெனியும் வேண்டாம். எல்லாரும் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பாட்டுப் பாடலாம்.

கேட்காமல் நீயாக அண்ணன் பேரைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

நீலக் குச்சிப் பாத்தி எப்படி இருக்கிறது என்று நீ விவரமாக எழுதவில்லை. இலை கரும்பச்சையா, இளம்பச்சையா? தண்டு பருமனா? கதிர் முந்துமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மதினி உனக்கு ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள். ஆள் அனுப்பட்டுமா?

வேதமாணிக்கம்


எண்ணூர்
11 செப்டம்பர் 1952

அண்ணனுக்கு,

ஊறுகாய் கொண்டுவர நீங்கள் அனுப்பிய ஆள் ஊறுகாய் இல்லாமலே வந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் களத்திலிருந்து திரும்பும்போது சவுக்குத் தோப்பில் வேலியை ஒட்டி இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காஜா மொய்தீன். மற்றவர் உங்கள் மண்டிக் கணக்கப்பிள்ளை முப்பிடாதி. என்னைக் கண்டதும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டீ குடிப்பது குற்றமா என்ன?

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம்?" என்றேன்.

"சும்மாதாம்மா. கடக்கரைக் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாவ."

"ராயபுரத்துல கடலு வத்திப் போச்சோ?"

காஜா மொய்தீன்தான் நடுவில் வந்தார். "நம்ம தோஸ்துமா இவரு. ரெண்டு வார்த்த பேசிக்கினு இருந்தோம். இதுக்குப் போயி இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?"

எத்தனை நாள் தோஸ்து என்று கேட்டேன். அவர் ஒரு மாதம் என்றார். அதே நேரத்தில் முப்பிடாதி இன்றைக்குத்தான் என்றார்.

அண்ணா, நேராகவே கேட்கிறேன். வெள்ளைக் குச்சிப் பாத்திகளுக்குப் புண்ணாக்கு வைக்கச் சொன்னது நீங்களா? உரம் போடாத பாத்தியும் மற்றதற்குச் சமமாக விளைந்தால் வெள்ளை உரத்தால் பிரயோஜனமில்லை என்று ஆகும். கம்பெனி சரக்கு ராயபுரத்துக்குள் வராது. உங்கள் மண்டி பிழைக்கும். என் வேலை போகும். நானும் மாடி அறைக்குத் திரும்பி வந்துவிடுவேன். ஒரே கல்லெறியில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் விழும்.

இல்லை என்று சொல்லுங்கள். நம்புகிறேனா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

சுகிர்தம்


ராயபுரம்
15 செப்டம்பர் 1952

சுகிர்தம்,

இல்லை.

நம்பினால் நம்பு. அப்பா காலத்திலிருந்து இந்த மண்டியில் எடைக்கல்லில் கை வைத்தான் என்று ஒருவனும் சொன்னதில்லை. கூடப்பிறந்தவள் தபாலில் சொல்கிறாள்.

முப்பிடாதியை அனுப்பினேன். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. எதற்கென்று சொல்லாமலே இருந்திருப்பேன், நீ சொல்ல வைத்துவிட்டாய். உன் கம்பெனி இந்த வட்டாரத்துக்கு வெள்ளை உரம் விற்க ஏஜெண்டு தேடுகிறது. நான் மனுப் போட்டிருக்கிறேன். செங்குன்றம் பக்கத்துச் சம்சாரிகள் வந்து புண்ணாக்கு விலை கேட்கும்போதே "அந்த வெள்ளை உரம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இல்லை என்று சொல்வது? ஆனால் ஆகாத சரக்கை எடுத்துப் பேரைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. அது பலிக்கிறதா இல்லையா என்று எனக்கு முன்னதாகத் தெரிய வேண்டும். உன்னைக் கேட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. ஆகவே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது திருட்டா?

நான் விற்கப்போகிற உரத்தை நானே தோற்கடிப்பேனா? படித்தவள்தானே, யோசி.

உன் தண்டபாணியைச் சந்தேகப்படு. சிரிக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

வேதமாணிக்கம்


எண்ணூர்
2 நவம்பர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுப்பு முடிந்தது. இத்தனை நாள் நான் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் ஏஜெண்டாக மனுப் போட்டிருப்பது தெரிந்ததிலிருந்து, உங்கள் பக்கமும் சாயக்கூடாது, எதிர்ப்பக்கமும் சாயக்கூடாது என்று பேனாவையே தொடாமல் இருந்தேன். புண்ணாக்கு ஜெயித்தாலும் அண்ணனுக்காக என்பார்கள், வெள்ளை உரம் ஜெயித்தாலும் அண்ணனுக்காக என்பார்கள்.

பாத்திகளுக்கு உரம் வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது தப்பு.

சொக்கம்மாள் என்று ஒரு பெண். வியாசர்பாடியிலிருந்து ரயிலில் வந்து போகிறாள். உரம் தூவுவதில் அவள் கைதான் சீரான கை என்று நானே அவளைத் தேர்ந்தெடுத்தேன். கதிர்களைத் தாம்பு அடித்து எடை போட்ட அன்று வெள்ளைக் குச்சித் தானியம் தராசில் ஏறியதும் அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியாமே, ஒண்ணும் கொறஞ்சி பூடல!"

"குறையாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்டிக் கொறயும்? நா ஒருத்தி கீறேன்ல? செவப்புக் குச்சிக்குப் போட்டுகினு வரச்சொல்ல அதுலேந்து ஒரு கை, நீலக் குச்சிக்குப் போட்டுகினு வரச்சொல்ல அதுலேந்து ஒரு கை. அத்தயும் பாத்துக்கினேன்."

நான் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். "யார் உன்னை அப்படிச் செய்யச் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? பந்தி போட்டா நடுவுல ஒரு எலைய மட்டும் தாண்டிக்கினு போவாங்களா? அதுவும் பக்கத்து எலைல கறி வாசன வருது. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? நானும் நாலு நாளு நீயே போடுவேன்னு பாத்தேன். நீ படிச்சவ, குச்சி நட்டுட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "வூட்டுக்கு ஒரு சிட்டிக கூட எடுத்துகினு போவலம்மா" என்றாள்.

பட்டப்பகலில், என் கண் முன்னால், நான் பொறுக்கி எடுத்த கையாலேயே நடந்திருக்கிறது. நான் விடியலில் குனிந்து கொக்குத் தடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வெள்ளைக் குச்சியை ஏன் பட்டினி போடுகிறோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அவளை நான் சந்தேகப்படக்கூட இல்லை. அந்த அளவுக்குக்கூட அவளை நான் ஒரு ஆளாக நினைக்கவில்லையோ?

சிவப்பிலும் நீலத்திலும் குறைந்தது, வெள்ளையில் கூடியது. எந்த எண்ணும் இப்போது உண்மை இல்லை. இதைத் தண்டபாணியிடம் எழுதிக் கொடுத்தால் சொக்கம்மாளை நிறுத்துவார், அடுத்து என்னையும் அனுப்புவார். கொடுக்காவிட்டால் இந்த எண்களை அச்சடித்துச் சம்சாரிகளிடம் கொடுப்பார்கள். அடுத்த வாரத் திங்கட்கிழமை வரை யோசிக்கப்போகிறேன்.

சுகிர்தம்


ராயபுரம்
7 நவம்பர் 1952

தங்கை சுகிர்தத்துக்கு,

நான் இல்லை என்று எழுதியதற்குச் சந்தோஷம்.

ஆனால் இந்தச் சொக்கம்மாள் கதையை நான் நம்பவில்லை. கூலிக்கு வந்தவள் மண்ணுக்குப் பசிக்கும் என்று பரிதாபப்பட்டாளாம். என் மண்டியில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். மூட்டைக்குப் பரிதாபப்பட்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை. அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அல்லது எந்த உரம் ஜெயித்தது என்று என்னிடம் சொல்லாமலிருக்க நீ கட்டிய கதை. முப்பிடாதியும் அப்படித்தான் நினைக்கிறான்.

கதை நிஜமாகவே இருந்தாலும் எழுதிக் கொடுக்காதே. யாரும் கேட்கவில்லை. எடையை எழுதிக் கொடுத்துவிட்டு நிரந்தரம் வாங்கிக்கொள். அடுத்த தடவை சரியாகச் செய். வேலை போன பிறகு உண்மையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

உன் மனசுக்குள் ஒரு பதில் இருக்கும். வெள்ளை உரமா, புண்ணாக்கா? ஒரே ஒரு வார்த்தை எழுது. இந்த மாசக் கடைசிக்குள் ஏஜென்சிப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மாடி அறையை மதினி பெருக்கி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

வேதமாணிக்கம்


எண்ணூர்
18 ஜனவரி 1953

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்மஸுக்கு வராததற்கு மதினியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வந்திருந்தால் சாப்பாட்டு மேஜையில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். தண்டபாணி நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார்.

"இதை எழுதாமலே இருந்திருக்கலாமே, அம்மா."

"இருந்திருக்கலாம் சார்."

"உங்க அண்ணன் ஏஜென்சிக்கு மனுப் போட்டிருக்கார். அது தெரியுமா?"

"தெரியும். கடைசிப் பாராவில் அதையும் எழுதியிருக்கேன். அவர் ஆள் வேலிப் பக்கம் வந்ததையும் எழுதியிருக்கேன்."

அவர் அந்தப் பாராவைத் தேடிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் பேரை எழுதியதற்கு நீங்கள் கோபப்படலாம்.

ஒரு பருவம் வீண் என்று தள்ளிவிட்டார்கள். நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு பருவம் தற்காலிகம், அதுவும் கெட்டால் நான் போக வேண்டும். சொக்கம்மாளை வைத்துக்கொள்வது என் பொறுப்பு என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். வைத்துக்கொண்டேன். அவள் கையைப் போல சீரான கை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்த உரம் ஜெயித்தது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. மறைக்கவில்லை அண்ணா, தெரியாது.

இந்த முறை பாத்திக்குப் பாத்தி நானே நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கப்போகிறேன். வெள்ளைக் குச்சி ஏன் வெறுமையாக இருக்க வேண்டும் என்று சொக்கம்மாளுக்கு விளக்கினேன். எல்லாம் புரிந்தது. ஆனாலும், "புரியுதும்மா. கைதான் நிக்க மாட்டேங்குது" என்றாள். யோசித்து, வெள்ளைக் குச்சிகளுக்கென்று தனியாக ஒரு கூடை கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த வயலோரத்து மணலையே சலித்து நிரப்பிய கூடை. அதைத் தூவிவிட்டு அவள் நிம்மதியாக அடுத்த பாத்திக்குப் போகலாம்.

"மணல்தான்னு உனக்குத் தெரியுமே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

இதையும் கதை என்பீர்கள். பிப்ரவரி முதல் வாரம் உரம் தூவுகிறோம். முப்பிடாதியை அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது திருட்டில்லை.

சுகிர்தம்


ராயபுரம்
9 பிப்ரவரி 1953

தங்கை சுகிர்தத்துக்கு,

வியாழக்கிழமை வந்திருந்தேன். கூப்பிட்டால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய் என்று கூப்பிடவில்லை. நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குச்சியாகப் போய்ப் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மெலிந்திருக்கிறாய்.

உன் சொக்கம்மாளையும் பார்த்தேன். சிவப்புக்குத் தூவினாள், நீலத்துக்குத் தூவினாள். வெள்ளைக் குச்சிக்கு வந்ததும் கூடையை மாற்றிக்கொண்டு, மற்றதைவிட ஒரு பிடி அதிகமாகவே தூவினாள். எனக்குச் சந்தேகம் வந்தது. மணல் என்று நீ எழுதினாய். கூடையில் இருப்பது மணல்தானா என்று வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு காவல்காரரிடம் உள்ளே விடச் சொன்னேன். "அம்மா வையும் நைனா, என்னிய மாட்டிவுடாத" என்று முடியாதென்றுவிட்டார். கூடை வேலியோரமாகத்தான் கிடந்தது. வேலிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். தொட்டுப் பார்த்து நான் சரக்கு வாங்குகிறவன் இல்லை. வாயில் போட்டேன்.

நவம்பரில் போட வேண்டிய கையெழுத்தை இதுவரை தவணை சொல்லித் தள்ளிவந்தேன். இப்போது ஏஜென்சிக்காரர்களுக்கு, உன் அறுப்பு முடிகிறவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிவிட்டேன். வேறு ஆளுக்குப் போனால் போகட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் பல்லுக்குள் நறநறவென்று இருந்தது. மூன்று முறை வாய் கொப்பளித்தேன். வெளியே என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்று மதினி கேட்டாள். சுகிர்தத்தின் வயலில் ஒரு வாய் சாப்பிட்டேன் என்றேன்.

வேதமாணிக்கம்